நகப்பிடி (தோல் மடிப்பை நக விளிம்பு தொடப் பிடித்து விடும் பழக்கம்): தொடக்கக்காரர் கேள்விகள்

கே (மாங்குளம்): பிடித்த இடம் சிவக்கிறது. விட்டுவிடவா?
ப: பத்து நிமிடத்தில் மங்கினால் தொடருங்கள். கோடு கோடாகத் தடித்து அரித்தால் உங்களுக்கு இது ஒத்துவராது. நூற்றில் மூன்று நான்கு பேருக்குத் தோல் அப்படித்தான். அரை மணியில் அடங்கும், அதுவரை சொறியாதீர்கள்.

கே (பரந்தன்): வயிற்று மடிப்பைத் தினமும் பிடித்தால் கொழுப்புக் கரையுமா?
ப: கரையாது.

கே (கிளிநொச்சி): எவ்வளவு இறுக்குவது?
ப: முழங்கையின் உட்பக்கத்தில் பழகுங்கள். சேலைக் கொய்யகம் பிடிப்பதுபோல தோலை மட்டும் தூக்குங்கள், சதை வரக்கூடாது. நக விளிம்பு தொட்டு நிற்கட்டும். மூன்று மூச்சு, விடுங்கள், அரை விரல் தள்ளி அடுத்தது. பிறை அடையாளம் ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றால் இறுக்கம் கூட.

கே (முத்தையன்கட்டு): வயல் வேலையால் கெண்டைக்கால் உளைகிறது. முழங்காலுக்குப் பின் மடிப்பில் பிடித்தேன், கொஞ்சம் இரத்தம் வந்தது. இன்னும் எத்தனை நிமிடம் பிடிக்க வேண்டும்? இரண்டு நாளாகக் காய்ச்சலும் உண்டு.
ப: காய்ச்சலைக் கடைசி வரியிலா எழுதுவது, தம்பி? இந்தப் பதிலுக்காகக் காத்திருந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். காலபோகத்தில் சேற்றில் நிற்பவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் சேர்ந்து வந்தால் முதலில் எலிக்காய்ச்சலா என்று ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டும். கண் சிவந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். வயலில் இறங்கியதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எலியும் மாடும் சிறுநீர் கழித்த தண்ணீரில் இருக்கும் கிருமிக்கு ஒரு கீறல் போதும். இரத்தம் கசிந்த காலோடு மறுபடி வரம்பில் இறங்காதீர்கள். விதைப்புக் காலத்தில் வாரம் ஒருமுறை எடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள்.

அப்புறம் நகம். எழுதி எழுதிக் களைத்துவிட்டேன். போன கிழமை பழக வந்த ஒருவரின் பெருவிரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மண்வெட்டிச் சேறு நகத்தடியில் கறுப்பு நூலாக ஓடிக்கிடந்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவினாராம்! நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீற்றர் வளரும். கிழமைக்கு ஒருமுறை ஒட்ட வெட்டுங்கள், நுனியை மழுக்குங்கள், பழைய பல் பிரஷால் அடியைத் தேயுங்கள். இதற்கு நேரமில்லை என்றால் நகப்பிடிக்கும் நேரமில்லை.

கே (புதுக்குடியிருப்பு): 2009இல் பட்ட செல் (எறிகணை) துண்டு இன்னும் தொடையில் இருக்கிறது. அதன்மேல் பிடிக்கலாமா?
ப: வேண்டாம். ஒரு சாண் விலகியே பிடியுங்கள். அந்த இடம் புதிதாக வீங்கினாலோ சூடேறினாலோ ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

கே (ஒட்டுசுட்டான்): தொடையிடுக்கில் படர்தாமரை. பிடித்தால் அரிப்பு அடங்குமா?
ப: கையை எடுங்கள். நகத்தோடு அது மற்ற மடிப்புக்கும் போகும்.

கே (மல்லாவி): எனக்குச் சீனி வருத்தம், பாதம் மரத்திருக்கிறது. மெதுவாகப் பிடிக்கலாமா?
ப: மரத்த பாதத்தில் மெதுவா இறுக்கமா என்று உங்களுக்கு எப்படித் தெரியும், அம்மா? நகமே படக்கூடாது. உள்ளங்கையால் எண்ணெய் தடவுங்கள், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம்.