பழைய அலுமாரியில் காடை வளர்க்கலாமா?

ஹட்டன் பக்கம் லயத்து வீட்டில், கதவு கழன்ற மர அலுமாரியில் பத்துக் காடை வளர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக வளர்க்கலாம். தட்டுக்குத் தட்டு ஓர் அடி உயரம் போதும். காடை மிரண்டால் நேரே மேலே எகிறும், உயரம் கூடினால் வேகமும் கூடி மண்டை உடையும். கூரைப்பக்கம் உள்ளே சாக்கை மடித்து ஆணியடித்துவிடுங்கள். பத்துக்கு நான்கு சதுர அடியாவது இடம் விடுங்கள்.

முன்பக்கம் அரை அங்குலக் கம்பி வலை அடியுங்கள். கோழி வலையின் கண்ணில் எலி நுழைந்துவிடும்.

நம் மலைப்பக்கம் குளிரைவிட ஈரம்தான் எமன். பின்பலகையின் மேல்விளிம்பில் காற்றுக்கு நாலைந்து துளை போடுங்கள். கீழே மரச்சீவல் பரப்பி, தினமும் ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். கையில் ஒட்டினால் அன்றைக்கே மாற்ற வேண்டும்.

குஞ்சு வாங்கினால் முதல் வாரம் பல்ப் போட்டு 35 பாகை சூடு கொடுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் நிரப்ப மறக்காதீர்கள். எனக்கு அது தெரியாமல் மூன்று குஞ்சுகள் ஒரு விரல் ஆழத் தண்ணீரில் மூழ்கிப் போயின. இன்னும் மனதில் நிற்கிறது.

அப்புறம், ஆறேழு வாரத்தில் முட்டை வரும். மாலையில் விளக்குப் போட்டு வெளிச்சத்தைப் பதினான்கு மணி நேரமாக்குங்கள்.