டென்ட் ஒழுகவில்லை, வியர்க்கிறது

டென்டை மாற்ற வேண்டாம். கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் ராத்திரி முழுக்க மழை, காலையில் கூரையின் உட்புறத்திலிருந்து இருவர் முகத்திலும் சொட்டியது என்கிறீர்கள். அது பெரும்பாலும் மழைத்தண்ணீர் இல்லை, நீங்கள் இருவரும் விட்ட மூச்சு. இரண்டு பேர் தூங்கினால் விடிவதற்குள் மூச்சிலும் தோலிலுமாக அரை லிட்டர் அளவுக்கு நீராவி வெளியேறும். சாரலுக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இழுத்து மூடியிருப்பீர்கள். போக வழியில்லாமல் அது குளிர்ந்த துணியில் முத்து முத்தாகப் படிந்துவிடும், குழம்புச் சட்டி மூடியின் உட்பக்கம் மாதிரி.

சந்தேகம் தீர, மொட்டை மாடியில் டென்டைக் கட்டி, உள்ளே யாரும் இல்லாமல் பூவாளியால் 10 நிமிடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் டென்டில் குறையில்லை. தையல் ஓரத்தில் மட்டும் ஈரம் கோடாக ஓடினால் ஒழுகல். தையலை அடைக்கும் பசையான சீம் சீலர் தடவினால் சரியாகிவிடும்.

அடுத்த முறை மேலே உள்ள காற்றுத் திறப்புகளை மழையிலும் மூடாதீர்கள். வெளித்துணி உள்துணியைத் தொடாதபடி கயிறுகளை இழுத்துக் கட்டுங்கள். நனைந்த ரெயின்கோட் காரிலேயே இருக்கட்டும். (எங்கள் வீட்டில் இதற்குத்தான் சண்டை.)

தரையில் ஈரம் என்றால் கதை வேறு. அடியில் விரித்த தார்ப்பாய் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலே, மழைநீரை வாங்கி உங்கள் முதுகுக்கடியில் சேர்த்துவிடும். ஓரங்களை உள்ளே மடித்துவிடுங்கள்.

அப்புறம், காய வைக்கிறேன் என்று உள்ளே அடுப்பு மூட்டிவிடாதீர்கள். கேஸ் எரிந்தால் இன்னும் நீராவிதான் வரும். கேஸானாலும் கரியானாலும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும், அதற்கு வாசனையே கிடையாது.