சீரியல் போடுகிற வேலைக்கு இத்தனை பிடிவாதமா?

கேள்வி: கோவையில் விஷுவல் கம்யூனிகேஷன் முடித்த என் மகள், தொலைக்காட்சியில் நிகழ்ச்சிப் பிரிவு அதிகாரியாக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். எந்த சீரியலை எத்தனை மணிக்குப் போடுவது என்று சொல்வதெல்லாம் ஒரு வேலையா? ரிமோட் வைத்திருக்கிற எவரும் செய்யக்கூடியதுதானே?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: எவரும் செய்யக்கூடியது அன்று. ரிமோட்டை வைத்திருப்பவர் தமக்குப் பிடித்ததைத் தேடுகிறார். நிகழ்ச்சிப் பிரிவு அதிகாரியோ, தாம் ஒருபோதும் சந்திக்கப்போகாத பல இலட்சம் பேர் எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார்கள், யாரோடு அமர்ந்திருப்பார்கள், அப்போது எதைப் பார்க்க அவர்களுக்கு மனம் இருக்கும் என்பதையெல்லாம் கணித்து, அந்தக் கணிப்பை நம்பி நிறுவனத்தின் பணத்தை இறக்குகிறார். கதை கேட்பது, பைலட் என்னும் மாதிரி எபிசோடைப் பார்த்துத் திருத்தம் சொல்வது, தயாரிப்பாளரிடம் எபிசோடுக்கு விலை பேசுவது, எஃப்.பி.சி. என்று அவர்கள் சொல்லும் வார அட்டவணையை வகுப்பது எல்லாம் அந்தப் பிரிவின் பொறுப்பு. எதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்கிடும் பார்க் (BARC) நிறுவனத்தின் ரேட்டிங் வியாழக்கிழமைதோறும் வரும்போது பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

இதற்குப் படிப்பு தேவையா என்று கேட்பீர்களானால், அமெரிக்காவின் ஃபிரெட் சில்வர்மேனைப் பாருங்கள். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஏ.பி.சி. தொலைக்காட்சியின் நிகழ்ச்சி அட்டவணையையே முதுகலை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு நானூறு பக்கங்களுக்கு மேல் எழுதியவர் அவர். 1970-இல், 32 வயதில், சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனத்தின் நிகழ்ச்சிப் பிரிவுக்குத் தலைவரானார். 1975-இல் தாம் ஆராய்ந்த ஏ.பி.சி.க்கே சென்று அதை முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். 1978-இல் என்.பி.சி. என்னும் மற்றொரு தொலைக்காட்சி நிறுவனத்துக்குத் தலைவராகப் போனவர், அங்கே தோல்விகளைச் சந்தித்து 1981-இல் வெளியேற நேர்ந்தது. ஒரே மனிதருக்கு இரண்டும் நடந்தன என்பதை உங்கள் மகளும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வேலையில் நிலைத்த இருக்கை கிடையாது.

சில்வர்மேன் விட்டுச் சென்ற என்.பி.சி.யில் நிகழ்ச்சிகளைக் கவனித்தவர் பிராண்டன் டார்டிகாஃப். 1982-இல் தொடங்கிய ‘சியர்ஸ்’ என்னும் நகைச்சுவைத் தொடர், முதல் ஆண்டில் ரேட்டிங் பட்டியலின் அடிவாரத்தில் கிடந்தது. அவரும் தலைவர் கிராண்ட் டிங்கரும் அதை நிறுத்தவில்லை. அது 1993 வரை ஓடியது. மோசமான எண்களைக் கையில் வைத்துக்கொண்டு ‘இன்னும் கொஞ்சம் பொறுப்போம்’ என்று மேலிடத்தில் வாதாடுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நம் சேனல்களில் சில வாரங்களிலேயே நேரம் மாற்றப்பட்டு, பார்ப்பவர்களுக்கே தெரியாமல் மறைந்துபோகும் தொடர்களைப் பார்க்கும்போது, இந்தப் பொறுமைதான் இங்கே மிகவும் குறைவு என்று எனக்குப் படுகிறது.

உங்கள் மகளிடம் இருக்கும் மூலதனத்தை நீங்கள் கவனிக்கவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிஃப்ட் பார்க்கும் பெண், இரவு எட்டு மணிக்கு மேல் வேலை முடிந்து, பஸ் பிடித்து வீடு சேர்ந்து, அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் டிவியைப் போடுகிறார். ஏழு மணித் தொடர் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் அவருக்கு அது இல்லாததுதான். சனிக்கிழமை சம்பளம் கையில் வந்த இரவில் அந்த வீடு வேறு மாதிரி இருக்கும். இரவு ஷிஃப்டில் தறி ஓட்டுபவரின் வீட்டுக்கோ பகல்தான் ஓய்வு நேரம். இவற்றை அருகிருந்து கண்டு வளர்ந்த ஒருவர், அட்டவணை வகுக்கும் அறையில் அமர வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். கொங்குத் தமிழ் சீரியல்களில் பெரும்பாலும் சிரிப்புக்காகவே வருவது, அந்த அறையில் நம்மூர்க் குரல் போதாததால்தான் என்பது என் எண்ணம்.

உங்கள் மகன் பெரிய துணிக்கடை நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராகப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் இந்தக் கேள்வியை எழுதியிருப்பீர்களா? அடுத்த சீசனில் எது விற்கும் என்று முன்கூட்டிக் கணிப்பதுதானே அங்கும் வேலை?

வேலை சென்னையில்தான் கிடைக்கும். தொடக்கச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். முதல் சில ஆண்டுகள் புரோமோ நேரம் குறிப்பதிலும் எபிசோடு சரிபார்ப்பதிலும் கழியலாம். வேலைக்கு விண்ணப்பிக்கும் வரை உங்கள் மகள் தமிழ்ச் சேனல்களின் இரவு ஏழு முதல் பத்து வரையிலான அட்டவணையை வாரந்தோறும் எழுதிவைத்து, எது ஏன் இடம் மாறியது என்று தம் கருத்தையும் பக்கத்தில் குறித்துக்கொண்டு வரட்டும். நேர்முகத் தேர்வில் அந்த நோட்டைக் கொடுக்கலாம். அதற்கு முன்னால் நீங்கள் ஒருமுறை அதைப் படித்துப் பாருங்கள்.