மலை மேல் ரகசிய விருந்து, மாட்டிக்கொண்டது நானா?

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் இருக்கிறேன், வயது 34. ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவில் சில சனிக்கிழமை ராத்திரிகளில் ஒருவர் விருந்து நடத்துகிறார். போர்டு கிடையாது. பணம் கட்டியவர்களுக்கு அன்று மதியம்தான் வாட்ஸ்அப்பில் இடம் வரும். தலைக்கு 1,800 ரூபாய். சமையல் கற்கும் ஆசையில் சம்பளமில்லாமல் அடுப்படியில் உதவுகிறேன். வீட்டில் போட்ட திராட்சை ஒயினும் உண்டு. அதை ஊற்றிக் கொடுப்பதும் சில சமயம் நான்தான். போன மாதம் மிளகுக்கோழி சாப்பிட்ட நாலு பேருக்கு வாந்தி பேதி. ஒருவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுத்துவிட்டார். கோழியைச் சேலத்தில் வாங்கிக் கொண்டுபோனது நான். இப்போது விருந்து நடத்துபவர், 'சமையலறையில் நடந்ததற்கெல்லாம் நானே பொறுப்பு' என்று எழுதி என்னிடம் கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். மீதியை அப்புறம் பேசுவோம். அந்தக் கடிதத்தால் அவருடைய பொறுப்பு இம்மியும் குறையாது. நாளைக்கு வழக்கு என்று வந்தால், நீங்களே ஒப்புக்கொண்டதாக உங்களுக்கு எதிராக அதைத்தான் நீட்டுவார்கள்.

"நண்பர்கள் கூடிச் சாப்பிடுகிறோம், இது வியாபாரமே இல்லை" என்று அவர் சொல்லக்கூடும். அது எடுபடாது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006-இன் பிரிவு 3-இன்படி, லாபத்துக்காக நடத்தினாலும் இல்லாவிட்டாலும் அது உணவு வணிகம்தான். உரிமமோ பதிவோ எடுக்க வேண்டியவர் நடத்துபவர், நீங்கள் அல்ல. சிறிய அளவில் செய்பவர்களுக்குப் பதிவுக் கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய். இலைக்கு 1,800 வாங்குகிறவர் அதைக்கூடக் கட்டாமல் இருந்தால் என்னத்தைச் சொல்ல! கொடுங்காயம் அளவுக்குப் போகாத பாதிப்புக்கும் பிரிவு 65-இல் 1 லட்சம் ரூபாய் வரை நஷ்டஈடு உண்டு. உங்கள் தலையில் கட்டப் பார்ப்பது ஏன் என்று இப்போது புரியும்.

அதற்காக உங்களுக்கு ஒன்றுமே வராது என்று சொல்ல மாட்டேன். பாதுகாப்பற்ற உணவு பற்றிய பிரிவு 59, 'எந்த நபரும்' என்றுதான் ஆரம்பிக்கிறது. சம்பளம் வாங்கினீர்களா என்று கேட்பதில்லை. ஆகவே அந்தக் கோழியின் கதைதான் முக்கியம். எந்தக் கடையில் வாங்கச் சொன்னது யார்? ஐஸ் பெட்டி தந்தாரா, இல்லை 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஸ்கூட்டர் கொக்கியில் தொங்கியபடி வந்ததா? பங்களாவில் ஃப்ரிட்ஜ் ஓடியதா? "கரண்ட் இல்லை சார், கோழியை என்ன பண்ண?" என்று நீங்கள் கேட்டு, "மசாலா தடவி வைம்மா, ஒன்றும் ஆகாது" என்று அவர் பதில் போட்டிருந்தால், அந்த ஒரு மெசேஜ் தங்கம். தன்னால் முடிந்த எச்சரிக்கையை எடுத்துக்கொண்டவருக்குப் பிரிவு 80 தற்காப்பு தருகிறது. ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் நம்பி ஃபோனை மாற்றிவிடாதீர்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்க, சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 63-இன்படி சான்றிதழ் வேண்டும்.

கோழியை விட எனக்குக் கவலை அந்த ஒயின்தான். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில். அந்த வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. கள்ளக்குறிச்சிச் சாவுகளுக்குப் பிறகு 2024-இல் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கினார்கள். உரிமமில்லாத மதுவைக் காசுக்குக் கொடுக்கும் இடத்தில், டம்ளரோடு நிற்பவர் 'நான் சும்மா உதவிக்கு வந்தேன்' என்று சொல்லித் தப்புவது கஷ்டம். இனி அந்தப் பாட்டிலைத் தொடாதீர்கள். என்னைக் கேட்டால், இந்த விவகாரம் முடியும்வரை மலை ஏறவே வேண்டாம்.

காவல் நிலையத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் பிரிவு எண்ணைப் பாருங்கள். குற்ற விசாரணை முறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179 என்றால் சாட்சியாக அழைக்கிறார்கள். பெண்ணான உங்களை அதற்காக ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது, நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். 35(3) என்றால் உங்கள் மீதே சந்தேகம். அதற்குப் போகாமல் இருக்கக் கூடாது, ஆனால் வக்கீலைப் பார்த்துவிட்டுப் போங்கள். வக்கீலுக்குச் செலவு என்று தயங்க வேண்டாம். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு.

அப்புறம், கோழி வாங்கிய பில் கைப்பையில் கிடக்கிறதா பாருங்கள். மெஷின் பில் என்றால் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், இன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள்.