லாங்டெல் எழுப்பிய மாணவர்

மதிப்பிற்குரிய ஐயா,

சட்டம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் பேராசிரியர் பாடமே நடத்துவதில்லை. தீர்ப்பைப் படித்து வரச் சொல்லிவிட்டுக் கேள்வியாகக் கேட்கிறார். ஏன் என்றால் 'இது லாங்டெல் வழி' என்கிறார். கோர்ட்டில் பெயரெடுக்காத அந்த மனிதரை ஹார்வர்ட் ஏன் டீன் ஆக்கியது? அப்படி என்ன சாதித்தார்?

க.

அன்புள்ள க.,

உங்கள் கோபத்துக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல்.

கிறிஸ்டோபர் கொலம்பஸ் லாங்டெல் நியூயார்க்கில் பதினைந்து ஆண்டுக்கு மேல் வக்கீல். ஆனால் கோர்ட்டில் நின்றதைவிட நூலகத்தில் உட்கார்ந்ததே அதிகம். ஹார்வர்டின் தலைவராக வந்த சார்லஸ் எலியட் தன் மாணவப் பருவத்தில் இவர் சட்டம் பேசக் கேட்டிருந்தார். அந்த நினைவில்தான் 1870-இல் ஹார்வர்டின் சட்டப் பள்ளிக்கு அழைத்தார். எலியட் வேதியியல்காரர். சட்டம் ஓர் அறிவியல், நூலகமே அதன் ஆய்வுக்கூடம் என்று லாங்டெல் சொன்னது அவருக்கு இனித்திருக்கும்.

முதல் வகுப்பில் உரை இல்லை. ஒரு மாணவரை எழுப்பி, பெய்ன் எதிர் கேவ் வழக்கின் சங்கதிகளைச் சொல்லச் சொன்னார். 1789-ஆம் ஆண்டின் ஆங்கில வழக்கு. ஏலத்தில் 40 பவுண்டு கேட்டவர், சுத்தியல் விழுமுன் பின்வாங்கிவிட்டார். அவர் கட்டுப்படுவாரா? கேட்பது முன்மொழிவுதான், சுத்தியல் விழுவதே ஏற்பு, அதுவரை விலகலாம் என்றது தீர்ப்பு. இதை ஒரே வரியில் எழுதிப்போட்டிருக்கலாம். லாங்டெலோ மாணவர்களையே தோண்டவைத்தார். விளைவு, வகுப்பு காலி. விரல்விட்டு எண்ணும் சிலரே மிஞ்சினார்கள். ஒருவர் ஜேம்ஸ் பார் ஏம்ஸ்.

வழக்காடிப் பழகாத அந்த ஏம்ஸை 1873-இல் ஆசிரியராக்கியதுதான், என் கணக்கில், லாங்டெல் செய்த பெரிய காரியம். அதுவரை அங்கே கற்பித்தவர்கள் நீதிபதிகளாகவோ வக்கீல்களாகவோ பேரெடுத்தவர்கள். சட்ட ஆராய்ச்சியே ஒருவருக்கு முழுநேர வேலையாக முடியும் என்பது இந்த நியமனத்தில் தொடங்கியது. ஆண்டுத் தேர்வும் மூன்றாண்டுப் படிப்பும்கூட அவர் காலத்தவைதான். 1895-இல் அவர் விலகியபோது டீன் ஆனவர் அதே ஏம்ஸ்.

'அறிவியல்' கொள்கை மட்டும் நிலைக்கவில்லை. வாழும் சட்ட இறையியலாளர்களில் மிகப் பெரியவர் என்று, பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியான ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் அவரைப் பற்றி எழுதினார். பாராட்டுக்குள் ஊசி. தீர்ப்புக்குப் பின்னால் உள்ள மனிதர்கள் லாங்டெலின் கண்ணில் படவேயில்லை என்று எனக்கும் தோன்றுவதுண்டு. பெண்களைச் சேர்ப்பதை எதிர்த்தவரும்கூட. ஹார்வர்ட் சட்டப் பள்ளி அவர்களுக்குத் திறந்தது 1950-இல்தான்.

அடுத்த வகுப்பில் நீங்கள் திருப்பிக் கேளுங்களேன்: சுத்தியல் விழுமுன் ஏலம் விட்டவரே பொருளை எடுத்துக்கொண்டால்?