வாய்க்கால் கரையில் மரம் நடுவோர் கேட்டவை

டெல்டா ஊர்களில் ஆற்றங்கரை, வாய்க்கால் கரைகளில் நாட்டு மரம் நடும் இளைஞர்களின் கேள்விகளுக்கு, நாற்றங்கால் வைத்திருக்கும் அக்கா ஒருவர் பதில் சொல்கிறார்.

கும்பகோணம்: அக்கா, அரசலாற்றங்கரைக்கு என்ன மரம் வைக்கலாம்?

கரையில் எந்த உயரத்தில் வைக்கப் போகிறீர்கள் தம்பி? அதைப் பொறுத்துத்தான் மரம். தண்ணீர் தொடும் சரிவில் நொச்சி, வெட்டிவேர். மண்ணைப் பிடித்துக்கொள்ளும், வெள்ளம் வந்தால் வளைந்து கொடுக்கும். அதற்கு மேலே நீர்மருது, புங்கன். மேட்டில் நாவல், இலுப்பை. இலுப்பை பூத்தால் பழந்தின்னி வௌவால் தேடி வரும். ஒரே ஒரு மரம்தான் என்றால் நான் நீர்மருதைத்தான் கொடுப்பேன். காலடியில் நாலு நாள் தண்ணீர் நின்றாலும் தாங்கும்.

திருச்சி: உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில நட்ட கன்றெல்லாம் தூர்வாரும்போது பொக்லைன்ல நசுங்கிடுச்சு அக்கா.

கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பை வைத்துத்தான் தூர்வாரும் வேலை நடக்கும். கோடையில் வண்டி வந்தே தீரும். எந்தக் கரையில் இறங்கும் என்று நீர்வளத்துறைப் பொறியாளரிடம் முன்பே கேளுங்கள், அனுமதியையும் எழுத்தில் வாங்குங்கள். வண்டிக்கு ஒரு கரையை விட்டு, எதிர்க்கரையில் நடுங்கள்.

மயிலாடுதுறை: ஆடிப்பெருக்கு அன்னிக்கே நடலாமா?

அன்றைக்குக் குழி எடுங்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடினாலும் ஆடியில் கரைமேடு காய்ந்துதான் கிடக்கும். 2 அடிக் குழியில் மட்கிய எரு போட்டு ஆறவிட்டு, ஐப்பசி மழை பிடித்ததும் நடுங்கள். ஜனவரி 28-ல் மேட்டூரை மூடுவது வழக்கம். அதன்பிறகு வைகாசி வரை கன்றுக்குக் குடத்துத் தண்ணீர்தான். முதல் இரண்டு கோடைக்கும் யார் ஊற்றுவது என்று பேசி முடிக்காமல் ஒரு கன்றுகூட வைக்காதீர்கள். ஊற்ற ஆள் எத்தனையோ, கன்றும் அதற்குத் தக்கபடிதான்.

திருவாரூர்: கரையில மண்டிக் கிடக்கிற நெய்வேலிக் காட்டாமணக்குக் களையை வெட்டி ஆற்றோட விட்டுடலாமா?

வேண்டவே வேண்டாம். மிதந்துபோன தண்டு ஒதுங்கிய இடத்தில் வேர்விடும். வேரோடு எடுத்து மேட்டில் போட்டு நன்றாகக் காயவிடுங்கள்.

தஞ்சாவூர்: வடவாற்றங்கரை முழுக்க நெருக்கமா நட்டா பறவைகள் நிறைய வருமா?

நெருக்க வேண்டாம், பெரிய மரத்துக்கு 15 அடியாவது இடைவெளி விடுங்கள். மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் செங்குத்தான வெற்று மண்கரையைக் குடைந்துதான் முட்டையிடும். வளை தெரிகிற இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே நொச்சிகூட வேண்டாம்.