வீட்டில் கட்டும் படகுக்குத் தேக்கு வேண்டாம்

கேள்வி: தோட்டத்தில் பெரிய குளம் இருக்கிறது. இரண்டு பேர் உட்காரும் 12 அடி துடுப்புப் படகை நானே செய்ய ஆசை. தேக்குப் பலகை வாங்கலாமா? தச்சு வேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசை போதுமா? ஒழுகாமல் இருக்குமா?

பதில்: உங்கள் படகு முக்கால்வாசி நாள் கொட்டகையில்தான் கவிழ்ந்து கிடக்கும். பலகைப் படகுக்கு அது ஆகாது. தண்ணீரிலேயே கிடந்தால்தான் பலகைகள் ஊறிப் பருத்து இடுக்குகளை அடைக்கும். கரையில் காய்ந்தால் சுருங்கி, இணைப்புகள் வாய் பிளக்கும். தேக்கு குறைவாகச் சுருங்கும், ஆனாலும் சுருங்கும்.

அதனால் 6 மி.மீ. மெரைன் பிளைவுட்டை, அதாவது தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகையை, கம்பியால் தைத்து ஒட்டும் முறையைத்தான் சொல்வேன். 1963-ல் பிரிட்டனில் வந்த ‘மிரர்’ என்ற பாய்ப்படகு இந்த முறையைச் சாதாரண வீடுகளுக்குள் கொண்டுபோனது. நம் பக்கம் கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்திலும் மீனவர்களுக்கு பிளைவுட் படகுகள் கட்டியிருக்கிறார்கள்.

பிளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரையைப் பாருங்கள்; மெரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண் அது. அதோடு விடாமல் வெட்டிய ஓரத்தையும் பாருங்கள். உள் அடுக்குகளில் ஓட்டை தெரிந்தால் அந்தத் தாள் வேண்டாம். ஒரு துண்டைச் சில மணி நேரம் கொதிக்க வைத்து, அடுக்கு பிரிகிறதா என்றும் பார்த்துவிடலாம். தாள் 8 அடிதான் வரும். 12 அடிக்கு இரண்டு தாள்களின் ஓரத்தையும் தடிமனைப் போல் 8 மடங்கு நீளத்துக்கு, அதாவது 48 மி.மீ., சரிவாக இழைத்து ஒட்ட வேண்டும்.

நல்ல வரைபடம் ஒன்றை விலை கொடுத்தே வாங்குங்கள். பக்கப் பலகைகள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அறுங்கள். ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து முறுக்கினால் படகு உருவம் வந்துவிடும். ஒட்டுவதற்கு முன் முறுக்கல் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். பசை இறுகிய பிறகு திருத்தவே முடியாது.

பசை விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வெள்ளைப் பசை ஊறினால் விட்டுவிடும். ஃபைபர் கடையில் மலிவாகத் தரும் பாலியெஸ்டர் ரெசினும் மரத்தை நன்றாகப் பிடிக்காது, நாளடைவில் உரியும். எபாக்சிதான் சரி. அது ரெசினையும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரையும் கலந்து பயன்படுத்தும் பசை. சலித்த மரத்தூளைக் கலந்து களியாக்கி உள்மூலைகளில் தடவி, கரண்டி முதுகால் வழித்து, மேலே கண்ணாடியிழை டேப் ஒட்டுங்கள். நம் வெயிலுக்கு மெதுவாக இறுகும் ஹார்ட்னர் கேட்டு வாங்குங்கள். ஒரே டப்பாவில் நிறையக் கலந்தால் சூடேறிப் புகையும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அகலத் தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். மரத்தில் பூசும் வேலையை மாலையில் வையுங்கள். காலையில் பூசினால், சூடு ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழ் குமிழாக வெளியே வரும். கையுறை கட்டாயம், இழைத்துத் தேய்க்கும்போது முகமூடியும். அடுத்த பூச்சுக்கு முன், இறுகிய எபாக்சியின் மேல் படியும் பிசுபிசுப்பைத் தண்ணீரில் கழுவித் தேய்க்க வேண்டும்.

ஒழுகல் பற்றிக் கேட்டீர்கள். இப்படிக் கட்டிய படகில் இணைப்பு வழியாகத் தண்ணீர் வருவது அபூர்வம். பிளைவுட்டின் வெட்டு ஓரமும் திருகாணித் துளையும்தான் தண்ணீரை உறிஞ்சும். அங்கே இரண்டு மூன்று முறை எபாக்சி ஊற விடுங்கள். எபாக்சியை வெயில் அரித்துவிடும் என்பதால் மேலே பெயிண்ட் கண்டிப்பாக அடிக்க வேண்டும்.

அப்புறம், முன்னும் பின்னும் மூடிய காற்றறை வையுங்கள். குளத்தில் இறக்கியதும் கரையோரமாகவே படகில் தண்ணீரை நிரப்பி, மிதக்கிறதா என்று பாருங்கள். அதுவரை வீட்டுப் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்.